நஸ்தரனின் மூக்குக்கட்டு

அத்தியாயம் 6

மகளைக் காணவில்லை என்று வருகிற அம்மாக்கள் முதலில் மகளின் படத்தைத்தான் நீட்டுவார்கள். ஷம்ஸி கானூம் மேஜைமேல் ஓர் அன்னாசிப்பழ டின்னை வைத்தார்.

"எங்களுக்கா?" என்று ஆசையாகக் கேட்டேன். காலையிலிருந்து டீயைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை.

"எம்பொண்ணுக்கு. நீங்க அவளைக் கண்டுபிடிச்சதும் முதல்ல இதைத் திறந்து கொடுங்க. மூக்கு ஆபரேஷன் ஆனவங்களுக்கு அன்னாசி கொடுத்தா வீக்கம் வத்தும்பாங்க."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். என் வாய்க்கு வேளை, நேரம், இங்கிதம் மூன்றும் தெரியாது. அதனால்தான் நாற்பத்தோரு வயதிலும் உதவியாளனாகவே இருக்கிறேன்.

என் பெயர் பெஜ்மான். தெஹ்ரானில், நர்மக் பகுதியில், ஒரு ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் தூரான் கானூம், அதாவது தூரான் அம்மா, நடத்துகிற விசாரணை அலுவலகத்தில் வேலை. துப்பாக்கியெல்லாம் கிடையாது. பெண் கேட்டு வருகிற மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று அவன் தெருவிலும் மளிகைக்கடையிலும் மசூதியிலும் விசாரித்து, பெண் வீட்டாருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். அதுதான் பிழைப்பு. எப்போதாவது இப்படி ஆள் தேடுகிற வேலையும் வந்து சேரும்.

தூரான் கானூமுக்கு அறுபத்திரண்டு வயது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் பொய்க் கையெழுத்துகளைப் பார்த்துச் சலித்தவர். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்சினார்.

"எத்தனை நாளாச்சு ஷம்ஸி கானூம்?"

"ஒன்பது நாள்." அந்த அம்மா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். "உங்களைத் தவிர யார்கிட்ட போவேன்? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை சியாமக்கைப் பத்தி விசாரிச்சுக் கொடுத்தது நீங்கதானே."

தூரான் கானூம் தலையசைத்தார். எனக்கும் ஞாபகம் இருந்தது. பதினோரு பேரைக் கேட்டோம். பதினோரு பேரும் பூ மாதிரி பையன் என்றார்கள்.

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"மூக்கை டாக்டர் கெடுத்துட்டாராம். கட்டைப் பிரிச்சதும் கோணலா இருந்துச்சாம். அந்த அவமானத்துல எங்கேயோ போயிட்டான்னு சொல்றார். போலீசுக்குப் போக வேண்டாம், மானம் போயிடும்ங்கிறார்." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த டாக்டரைக் கண்டுபிடிச்சுடுங்க. ஆபரேஷன் பண்ணினவர் திரும்பத் திரும்ப வரச் சொல்வார்ல? அவ வர்ற நாளைக் கேட்டுச் சொல்லுங்க, அன்னிக்கு நான் வாசல்ல போய் நிக்கிறேன். மூக்கு கோணலா இருந்தா என்ன, இல்லாமலே போனா என்ன? எம்பொண்ணு எங்கிட்ட வந்தாப் போதும்."

"எந்த டாக்டர்?"

"தெரியலை."

"நீங்க கேட்கலையா?"

"கேட்கலை."

கையிலிருந்த செல்போனில் படத்தைக் காட்டினார். நஸ்தரன். இருபத்தாறு வயது. மூக்கின்மேல், எலும்பு அசையாமலிருக்க வைக்கிற வெள்ளை அச்சு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக பிளாஸ்திரி. கண்ணுக்குக் கீழே வீக்கம். ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் அம்மாவே எடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிய படம். கீழே நாற்பத்து மூன்று பேர் வாழ்த்துச் சொல்லி, பூவும் இதயமுமாகக் கொட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். புது வீட்டுக்கும் வாழ்த்து, புது மூக்குக்கும் வாழ்த்து.

"எப்ப நடந்துச்சு?"

"வசந்தப் புத்தாண்டு பிறந்த பன்னிரண்டாம் நாள். அதுக்கு முந்தின நாள் சாயங்காலம்கூட எங்க வீட்டுலதான் இருந்தா. தலைவலின்னு சொன்னா, டீயோட ரெண்டு ஆஸ்பிரின் கொடுத்தேன்."

"ஆஸ்பிரினா?" என்றேன்.

எனக்கு இதில் அனுபவம் உண்டு. இருபத்து நாலு வயதில், மலிவாகச் செய்கிறேன் என்ற ஒரு புண்ணியவானிடம் மூக்கைக் கொடுத்துவிட்டு, அதைச் சரிசெய்ய இன்னொருவரிடம் ஓடியவன் நான். இன்றைக்கும் மல்லாந்து படுத்தால் என் இடது மூக்கு விசில் அடிக்கும். கத்தி வைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் நிற்காமல் போய்விடும் என்று பயம். என்னைப் பூண்டு ஊறுகாயைக்கூடத் தொடக்கூடாது என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்திய நாள் சாயங்காலம் இரண்டு ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளும் பெண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லை.

தூரான் கானூம் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணசைத்தார். வாயை மூடு என்று அர்த்தம். மூடிக்கொண்டேன்.

"வீட்டுக்குப் போங்க. போனைப் பக்கத்துலயே வச்சுக்குங்க" என்று அவரை அனுப்பிவைத்தார்.

டின் மட்டும் மேஜைமேல் இருந்தது.

---

"மூக்கை வச்சு டாக்டரைக் கண்டுபிடிக்கணும்னா ஊர்ல பாதிப் பேரைக் கைது பண்ணணும்" என்றேன், என் பழைய காரைக் கிளப்பியபடி.

"மூக்கை வச்சு வேண்டாம். கட்டை வச்சுக் கண்டுபிடிப்போம். உன் மூக்கை ரெண்டாவது தடவை சரி பண்ணினாரே, அவர்கிட்ட ஓட்டு."

டாக்டர் ஆர்ஜுமந்தின் காத்திருப்பு அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் முகத்தில் கட்டு. ஒரு பெண் மடியில் மூன்று நடிகைகளின் படத்தை வைத்துக்கொண்டு, எந்த மூக்கை எடுத்துக்கொள்வது என்று துணிக்கடையில் நிற்பதுபோல் யோசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, அத்தை, அத்தையின் மகள். ஒரு மூக்குக்கு மூன்று பேர் துணை.

"பெஜ்மான்! இன்னும் விசில் அடிக்குதா?" என்றார் டாக்டர், கதவைத் திறந்ததும்.

"இப்பல்லாம் பாட்டே பாடுது டாக்டர்."

படத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"யார் ஒட்டினது இது?"

"அதைத்தான் உங்ககிட்ட கேட்க வந்தோம்" என்றார் தூரான் கானூம். "இந்த ஊர்ல யார் கட்டினாலும் உங்களுக்குத் தெரியுமாமே."

"தெரியும். கட்டுங்கிறது கையெழுத்து மாதிரி. ஒருத்தர் ஆளுங்க நெத்தி வரைக்கும் ஒட்டுவாங்க. ஒருத்தர் ரெண்டே பட்டையோட முடிச்சுடுவார். நான் நுனியைத் தூக்கிக் கட்டுவேன். எப்படிக் கட்டினாலும் நுனிக்குக் கீழே தாங்கலா ஒரு பட்டை இருக்கும். நுனி தொங்கிட்டா அப்புறம் ஆபரேஷன் பண்ணி என்ன பிரயோஜனம்?" விரலால் படத்தைத் தட்டினார். "இங்க அது இல்லை. அச்சு தலைகீழா வேற இருக்கு. இது யார் கையும் இல்லை அம்மா."

"புதுசா யாராவது?"

"எவ்வளவு புதுசா இருந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்யணும்ல? ரத்தப் பரிசோதனை, நாலு பக்கமும் படம், என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு ஒரு பட்டியல், எட்டு மணி நேரம் வெறும் வயிறு, கூட்டிட்டுப் போக வீட்டு ஆள் ஒருத்தர். மூச்சு அடைக்கலாம், மறுபடி கத்தி வைக்க வேண்டி வரலாம், நிஜமான வடிவம் தெரிய ஒரு வருஷம் ஆகும்னு நான் முகத்துக்கு நேரா சொல்லி, அவங்க கையெழுத்து போட்ட பிறகுதான் தேதியே கொடுப்பேன். அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி கேட்பேன். யாருக்காகப் பண்ணிக்கிறேன்னு. 'புருஷனுக்கு என் மூக்கு பிடிக்கலை'ன்னு சொன்னா டீ கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"இது நடந்தது புத்தாண்டு பன்னிரண்டாம் நாள்" என்றார் தூரான் கானூம்.

டாக்டர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பன்னிரண்டும் பதிமூணும் அரசு விடுமுறை. அன்னிக்கு நான் வடக்கே கடற்கரையில மீன் சுட்டுக்கிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுல இன்னொரு மூக்கு டாக்டர், எதிர் வீட்டுல இன்னொருத்தர். அன்னிக்கு இந்த ஊர்ல யாரும் யார் மூக்கையும் தொட்டிருக்க மாட்டாங்க."

---

காரில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"புரிஞ்சுபோச்சு தூரான் கானூம்! ஆபரேஷனே நடக்கலை. வெறும் கட்டு! எங்க தெருவுலயே மூணு பேர் இருக்காங்க. ஆபரேஷனுக்கு வசதி இல்லை, பிளாஸ்திரிக்கு வசதி இருக்கு. ஒட்டிக்கிட்டு ஒரு மாசம் மினுக்குவாங்க. இந்தப் பொண்ணும் அப்படித்தான் வேஷம் போட்டிருக்கா. கட்டைப் பிரிச்சதும் பழைய மூக்கே இருந்திருக்கும். குட்டு வெளிப்பட்டதும் ஓடிட்டா!"

"படத்தை இன்னொரு தடவை பாரு."

பார்த்தேன்.

"சிரிக்கிறாளா?"

"இல்லை. மூக்குல கட்டு இருக்கும்போது சிரிச்சா உயிர் போயிடும். எனக்குத் தெரியாதா?"

"வேஷக் கட்டுன்னா எதுக்குடா வலிக்கணும்?"

சிக்னல் பச்சையானது. பின்னால் இருந்தவன் ஹாரனை அமுக்கித் திட்டினான். நான் காரை எடுக்கவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு இறுகியிருந்தது. கண் கேமராவைப் பார்க்கவில்லை. நாற்பத்து மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். நானும் பார்த்தேன், இரண்டு தடவை. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இந்த ஊரில் ஒரு பெண் முகம் வீங்கி, மூக்கில் கட்டோடு வந்தால் என்ன ஆச்சு என்று கேட்க மாட்டோம். எந்த டாக்டர் என்றுதான் கேட்போம்.

"ஓட்டு" என்றார் தூரான் கானூம் மெதுவாக. "நஸ்தரன் வீட்டுப் பக்கம். அவ வீட்டுக்கு இல்லை, மருந்துக்கடைக்கு."

"எந்த மருந்துக்கடை? தெருவுக்கு நாலு இருக்கு."

"அன்னிக்கு விடுமுறை. இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கிற கடை அந்தப் பக்கம் எத்தனை இருக்கும்?"

ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

---

மருந்துக்கடைக்காரம்மாவின் பெயர் மீனூ. ஐம்பது வயது இருக்கும். வெள்ளைக் கோட்டு, கறாரான முகம். படத்தைக் காட்டியதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, கடையின் பின்பக்கம் எங்களைக் கூட்டிப்போனார்.

"இந்தப் பொண்ணு என்கிட்ட எதுவும் வாங்கலை" என்றார். "வாங்கினது அவ புருஷன். பன்னிரண்டாம் நாள் மத்தியானம், செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு வந்தான். மூக்குக்கு வைக்கிற அச்சு வேணும், பிளாஸ்திரி வேணும்னான். சம்சாரத்துக்கு ஆபரேஷன்னான். நானும் வாழ்த்துகள்னேன். சொல்லித் தொலைச்சேன்."

"வேற என்ன வாங்கினான்?"

"தோல் நிறத்துல பூசற கிரீம். புது மூக்குக்கு அதெல்லாம் பூசக்கூடாதுன்னேன். மூக்குக்கு இல்லை, கழுத்துக்குன்னான்."

"மூக்கு ஆபரேஷனுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. காரில் நான் சிரித்த சிரிப்பு எனக்கே காதில் கேட்டது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அவன் போன பிறகுதான் எனக்கும் அந்தக் கேள்வி வந்துச்சு தம்பி" என்றார் மீனூ. "ரெண்டு வாரம் கழிச்சு அவளே வந்தா. மூச்சு விட முடியலை, சொட்டு மருந்து கொடுங்கன்னா. 'கட்டைப் பிரிச்சுக் காட்டும்மா'ன்னேன். காட்டினா." சற்று நிறுத்தினார். "உங்களை யார் அனுப்பினது? புருஷனா?"

"அம்மா" என்றார் தூரான் கானூம்.

"அப்ப இன்னும் மோசம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தூரான் கானூம் மட்டும் எதிர்பார்த்தவர்போல் கண்ணை மூடித் திறந்தார்.

"அவ உங்க வீட்டுலதானே இருக்கா? போன் போட்டுக் கேளுங்க. அம்மாவைக் கூட்டிட்டு வரமாட்டோம், நாங்க ரெண்டு பேர் மட்டும் வர்றோம்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லுங்க."

மீனூ போன் செய்தார். முதுகைக் காட்டிக்கொண்டு நீண்ட நேரம் பேசினார். பிறகு சாவிக்கொத்தை எடுத்து, கடைக்குப் பக்கத்திலேயே இருந்த மாடிப்படிக் கதவைத் திறந்துவிட்டார்.

"மூணாவது மாடி. கதவை மெதுவாத் தட்டுங்க."

படியேறும்போது கேட்டேன்: "அம்மான்னா ஏன் மோசம்?"

"மகள் மூக்கை மாத்திக்கிட்டா. எந்த டாக்டர்னு அம்மா கேட்கலை. எவ்வளவு நாள் கட்டு, யார் கூடப் போனாங்க, எப்படி வரும்னு எதையுமே கேட்கலை. காத்திருந்த அறையில பார்த்தியே, ஒரு மூக்குக்கு மூணு பேர். அப்படிக் கேட்காம இருக்கிற அம்மா நம்ம ஊர்ல இருக்காளா?"

"கேட்கலைன்னா?"

"பதில் ஏற்கெனவே தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்டா."

---

நஸ்தரன் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கட்டு இல்லை. நடுவில் ஓர் எலும்பு உள்ளே போய், மூக்கு இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாயால் மூச்சு விட்டாள்.

"நீங்கதான் தூரான் கானூமா?" என்றாள். "சியாமக்குக்கு நற்சான்று எழுதினவங்க."

"ஆமாம்மா. நான்தான்."

"குரலை உயர்த்திக்கூடப் பேச மாட்டார்னு எழுதியிருந்தீங்க. உண்மைதான். உயர்த்த மாட்டார்."

தூரான் கானூம் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன நடந்துச்சுன்னு நான் கேட்க மாட்டேன்" என்றார். "அதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு."

"ரத்தம் நிக்கலை. முந்தின நாள் ஆஸ்பிரின் வேற போட்டிருந்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். 'அடிச்சுட்டார்மா, மூக்கு உடைஞ்சுபோச்சு, வந்து கூட்டிட்டுப் போ'ன்னேன். அம்மா சொன்னாங்க..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "'நாளைக்குப் பதிமூணாம் நாள் விருந்து. சொந்தக்காரங்க எல்லாரும் பூங்காவுக்கு வருவாங்க. மூக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்னு சொல்லிடு. ஒரு மாசத்துல சரியாயிடும். யாருக்கும் தெரிய வேண்டாம்'னு. போனை சியாமக்கிட்ட கொடுக்கச் சொன்னாங்க. கொடுத்தேன். அவர் 'சரிங்கம்மா, சரிங்கம்மா'ன்னு தலையாட்டிட்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினார்."

கீழே தெருவில் பழ வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

"மூணாம் நாள் அம்மா வந்தாங்க. திருஷ்டி கழிச்சாங்க. படம் எடுத்தாங்க. நாப்பத்து மூணு பேர் வாழ்த்துச் சொன்னாங்க. எனக்கு என் மூக்கு பிடிக்கும் தூரான் கானூம். ஒரு நாள்கூட மாத்தணும்னு நினைச்சதில்லை. இப்ப மூச்சு விடறதுக்காகவே ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க."

"புகார் கொடுத்தியா?"

"கொடுக்கப் போனேன். அவர் எனக்கு முன்னாடியே அந்தப் படத்தைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்க் காட்டியிருக்கார். வாழ்த்தெல்லாம் தாளாவே எடுத்து வச்சிருக்கார். 'அம்மாவே அனுப்பின படம், டாக்டர் கெடுத்துட்டார், அந்தக் கோபத்துல என்மேல பழி போடறா'ன்னு. எந்த டாக்டர்னு என்னைக் கேட்டாங்க. நான் எங்க போய் டாக்டரைக் கொண்டு வருவேன்?" முதல் தடவையாக அழுதாள். அழும்போது முகத்தைக்கூட அவளால் துடைக்க முடியவில்லை, அவ்வளவு வலி. "ஆபரேஷன் நடக்கலைன்னு சொல்லக்கூடிய ஆள் உலகத்துல ஒரே ஒருத்தர்தான். எங்கம்மா. அவங்க சொல்ல மாட்டாங்க. சொன்னா நாப்பத்து மூணு பேர் முன்னாடி அவங்க பொய்க்காரி ஆயிடுவாங்க."

"சொன்னா அம்மாவைப் பார்ப்பியா?" என்றார் தூரான் கானூம்.

நஸ்தரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "முதல்ல சொல்லட்டும்."

---

தூரான் கானூம் போன் செய்த அரை மணி நேரத்தில் ஷம்ஸி கானூம் டாக்ஸியில் வந்து இறங்கினார். மருந்துக்கடை வாசல் பெஞ்சில் அவரை உட்காரவைத்தோம்.

"டாக்டர் கிடைச்சாரா?"

"இல்லாத டாக்டர் எப்படிக் கிடைப்பார் ஷம்ஸி கானூம்?"

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தூரான் கானூம் கண்ணால் காட்டிய மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்தார். எங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

எனக்கு அப்படி ஒரு கோபம். "பெத்த பொண்ணு ரத்தத்தோட கூப்பிட்டா, பிளாஸ்திரி ஒட்டச் சொல்வீங்களா?" என்று கேட்டே விட்டேன். தூரான் கானூம் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"கேளுங்க தம்பி. இன்னும் கேளுங்க. உங்ககிட்டகூட நிஜத்தைச் சொல்ல வாய் வரலை, உடைஞ்ச மூக்கை எந்த டாக்டர்கிட்டயாவது காட்டப் போயிருப்பான்னுதான் டாக்டரைத் தேடச் சொன்னேன்" என்றார் ஷம்ஸி கானூம். "அன்னிக்கு நானே என்னைக் கேட்கலை. அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். பதினோரு பேர் சொன்னது. குரலை உயர்த்த மாட்டார், பொறுமைசாலி, பூ மாதிரின்னு இருந்துச்சு. அப்ப இவதான் ஏதோ வாய் பேசியிருப்பா, ஒரு தடவை கை நீண்டிருக்கும், மறைச்சுட்டா சரியாப்போகும்னு... தாளை நம்பினேன். எம்பொண்ணை நம்பலை."

"தாளை எழுதினது நான்" என்றார் தூரான் கானூம். "தெருவுல எப்படி, கடையில எப்படி, மசூதியில எப்படின்னு பதினோரு பேரைக் கேட்டேன். கதவைச் சாத்தின பிறகு எப்படின்னு கேட்க எனக்கு ஆள் கிடைக்கலை. கிடைக்கலைன்னு அதுல எழுதவும் இல்லை. அது தப்பு. அந்தத் தப்பை என் கைப்பட எழுதி, நாளைக்குக் காலையில போலீஸ் ஸ்டேஷன்ல கொடுக்கப்போறேன். ஆனா என் தாள் பத்தாது. ஆபரேஷன் நடக்கலைன்னு சொல்ல வேண்டியது நீங்க."

"சொன்னா அவ வருவாளா?"

"தெரியாது."

"வரலைன்னா?"

"வரலைன்னாலும் சொல்லணும்."

ஷம்ஸி கானூம் பையிலிருந்து செல்போனை எடுத்தார். குடும்பக் குழுவைத் திறந்தார். அந்தப் படமும் பூக்களும் இன்னும் அங்கேயே இருந்தன. எழுத விரல் ஓடவில்லை. பேசிப் பதிவு செய்கிற பொத்தானை அழுத்தி, வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. நான் ஷம்ஸி. நஸ்தரனுக்கு மூக்கு ஆபரேஷன் நடக்கலை. அவ புருஷன் அடிச்சான். மூக்கு உடைஞ்சுது. ஆபரேஷன்னு சொல்லச் சொன்னது நான். அவ என்னைக் கூப்பிட்டா. நான் போகலை. பொய் சொன்னது நான், அவ இல்லை. நாளைக்கு நான் போய்ச் சாட்சி சொல்றேன். உங்கள்ல யாருக்கு எம்மேல கோபமோ, தாராளமா கோபப்படுங்க."

விரலை எடுத்தார். போய்விட்டது. பிறகு போன் அடிக்கத் தொடங்கியது. முதலில் நாத்தனார், அப்புறம் சித்தப்பா, அப்புறம் யார் யாரோ. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

மூன்று மாடியையும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முழங்கால் வலிக்காரர், ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. நஸ்தரன் உள்ளே நின்றிருந்தாள். அவளுக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு, கேட்டிருக்கிறாள்.

மகளின் முகத்தைக் கட்டில்லாமல் அந்த அம்மா அப்போதுதான் பார்த்தார். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. இரண்டு எட்டு வைத்து, அந்த மூக்கைத் தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினார்.

நஸ்தரன் சட்டென்று தலையைக் குனிந்து, முழங்கையை மடக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அம்மாவின் கை அந்தரத்திலேயே நின்றுபோனது.

"அது தானா வருதும்மா" என்றாள் நஸ்தரன், முழங்கைக்குப் பின்னாலிருந்து. "உங்களைப் பார்த்து இல்லை. யார் கையைத் தூக்கினாலும் இப்படித்தான் வருது."

ஷம்ஸி கானூம் மெல்லக் கையை இறக்கினார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். மகள் முகத்திலிருந்து முழங்கையை எடுக்கும் வரைக்கும் அப்படியே, அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.